ஊசிக்கும் ஒரு பாடு

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஒரு கோடையில் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் காலரா கண்டு, டாக்டர் அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்துக் குப்பத்துக்கு அது பரவுவதற்குள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

பிளாஸ்கில் ஐஸ் போட்டு, மருந்தை அதில் வைத்துக்கொண்டு போனேன். குழந்தைகளால் தொல்லை இல்லை. தாய்மார்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்தால் கரையில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. கடலுக்கே அஞ்சாத அத்தனை பேரும் படகேறி ஏரி நடுவில் போய் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளாத கிழவர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கத்தினேன், கெஞ்சினேன். எனக்கோ நீச்சல் தெரியாது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, மருந்து சூடேறினால் அத்தனையும் வீண். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "குந்து சார். நான் இட்டாறேன்" என்றார்.

அந்த ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று குடும்பவாரியாக முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பெண்டாட்டி நகையைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், பாட்டை விடமாட்டார்கள். அந்தம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூவினார்: "ஊசிக்கும் பாடு வச்சிக்கிறாங்க. வராதவன் பாடு பக்கத்து ஊட்டுக்காரனுக்குப் பூடும்."

படகுகள் போட்டி போட்டுக்கொண்டு திரும்பின. வந்த வேகத்தில் வரிசைக்கே சண்டை. "என் பாட்டுல நீ இன்னாத்துக்கு நிக்கிற?" என்று கிழவர் ஒரு வாலிபனைத் தள்ளினார். தன் ஊசிக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டவர், அடுத்த ஆளுக்கு மருந்து அதிகமாகப் போகிறதா என்பதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

கடைசி ஆள் ஊசி போட்டுக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. "எங்க ஊட்டுக்கு ரெண்டு பாடு. இன்னொண்ணும் போடு" என்றார். போட்டால் மனிதர் காய்ச்சலில் விழுவார். போடாவிட்டால் வரிசையே என் மேல் பாயும் போலிருந்தது. நான் திருதிருவென்று விழித்தேன். கூவியழைத்த அந்தம்மா வந்து குழந்தையை அவர் மடியில் போட்டார். அவர்தான் புருஷன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"ரெண்டாவது பாடு என்னுது. எனக்குப் போடு சார்" என்று ரவிக்கைக் கையை ஏற்றினார் அந்தம்மா.

"பொம்பளைக்கு ஏது பாடு?" என்றார் புருஷன்.

"வாந்திபேதி பாடு பாத்துக்கினா வருது?"

புருஷன் குழந்தையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்து, ஆண்களைக் கரைக்கு வரவழைத்த பெண்களில் ஒருவருக்குக்கூட நான் ஊசி போட்டிருக்கவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை, எனக்குத் தோன்றவுமில்லை. அந்தம்மாவுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்றார்கள். மருந்தும் ஐஸும் கடைசி ஆள் வரை தாங்கின. அந்தக் கோடையில் அந்தக் குப்பத்தில் யாரும் காலராவில் படுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டுவிட்டேன். இன்றைக்கும் எங்கேயாவது நீளமாக ஒரு வரிசையைப் பார்த்தால், அதில் நிற்காதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.