நம்மது

இந்தியா அனுப்பிய விண்கலங்களின் வரலாறு முழுவதும் அப்பாவுக்கு மனப்பாடம். சந்திரனைச் சுற்றிய முதல் கலம், முதல் முயற்சியிலேயே செவ்வாயைப் போய்ச் சேர்ந்த கலம், எல்லாவற்றையும் பேப்பரில் இருந்து வெட்டி ஒரு பழைய கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனுஷன், விஞ்ஞானம் படிப்பிக்கும் என்னையே கேள்வி கேட்டு மடக்குவார். அவருடைய அண்ணனும் தங்கச்சியும் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்கள். இவர் இங்கேயே நின்றுவிட்டார். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கையில் கிடைத்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

சந்திரனில் மெல்ல இறங்க வேண்டிய கலம் விழுந்து நொறுங்கிய செய்தி வந்த காலை, நாவுலயில் இருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நாலந்தா தாண்டியதும் அப்பா, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "நம்மது விழுந்துருச்சும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, "உங்களுடையதா? அப்படியென்றால் உங்கள் நாடு எது?" என்று சிங்களத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் காட்ட முடியாத கோபத்தை அப்பாவிடம் காட்டினேன்.

"நம்மது இல்லப்பா, அவங்களோடது. இப்படிப் பேசிப் பேசித்தான் இன்னும் நம்மள இந்தியாக்காரங்க, கள்ளத்தோணிங்கிறாங்க."

அதன்பிறகு அந்தக் கொப்பியை நான் வெளியில் காணவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது சரிதானே என்ற டீச்சர் வீம்பு விடவில்லை.

நாலு வருஷம் கழித்து அடுத்த கலம் சந்திரனுக்குப் போனது. அப்பா அப்போது எழும்ப முடியாமல் படுக்கையில் கிடந்தார். டாக்டர் நாள் குறிக்காத குறைதான். அவரிடமிருந்து பறித்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இனி வேறு நாள் கிடைக்காது என்று தெரிந்தது.

பொழுது சாயும் நேரம், போனில் நேரடி ஒளிபரப்பைப் போட்டுத் தலையணையோரம் சாய்த்து வைத்தேன். கலம் இறங்கியது. அங்கே எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நம்மது எறங்கிருச்சுப்பா" என்று கத்தினேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "அக்கம் பக்கத்துல கேக்கப்போகுது. அவங்களோடது எறங்கிருச்சு."