முகமே இல்லாத கபடி போஸ்டர்

போன ஞாயிறு, எங்கள் வெள்ளானூர் கபடி கிளப்புக்குப் போயிருந்தேன். ஆட்டம் பார்க்க அல்ல... ஒரு போஸ்டருக்கு என்ன தீர்ப்பு வரும் என்று பார்க்க!

மேல் ஃப்ளாட் நித்யா, அம்பத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். டோர்னமென்ட்டோ, திருவிழாவோ, கச்சேரியோ... இந்தப் பக்கத்தில் போஸ்டருக்கு ஒரே இலக்கணம்தான். கூலிங் கிளாஸ், காதில் செல்போன், வரிசையாக முகங்கள்.

"ரெண்டு வருஷமா தலை ஒட்டிட்டு இருக்கேன் சார். நம்ம கிளப் டோர்னமென்ட் போஸ்டர் ஒண்ணாவது என் ஐடியால வரணும். இல்லைன்னா இந்த வேலையே வேணாம்" என்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் செய்தது இதுதான். மேலே பெரிய எழுத்தில் 'கபடி கபடி கபடி'. கீழே வர வர எழுத்து மெலிந்துகொண்டே போகிறது. மூச்சு குறைகிறதாம்! அடியில் சுண்ணாம்புக் கோடு, அதை நோக்கி நீளும் ஒரு விரல். அவ்வளவுதான். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால், நான் என்ன கபடி ஆடியவனா?

கிளப்பில் இருபது பேர் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் கேள்வியே, நான் பயந்த கேள்வி — எங்க போட்டோவெல்லாம் எங்கே? நித்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போது கேப்டன் முன்னால் வந்தார். பாடி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியும் ரெய்டு போகிறவர். குனிந்து, மூச்சைப் பிடித்து, மேலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே மூச்சில் படித்தார்.

"மூச்சு கோட்டுக்கு முன்னாலயே நின்னுபோச்சேம்மா. அப்ப நம்ம ஆளு அவுட்டு."

உண்மைதான். கடைசி எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. அது சஸ்பென்ஸுக்காக விட்டது என்று நித்யா விளக்கிப் பார்த்தாள்.

"போஸ்டர்லயே தோத்துகினு, அப்பால இன்னாத்துக்கு டோர்னமென்ட்டு? விரலு கோட்டைத் தொடற வரிக்கும் கபடி பாடறது நிக்கக் கூடாது."

அங்கேயே உட்கார்ந்து, கடைசி எழுத்தைக் கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்தாள். உடனே ஆளாளுக்கு மூச்சைப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். யார் கோடு வரை போகிறார் என்று போட்டியே ஆகிவிட்டது. போட்டோ பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்!

ஒரு ஐடியா எப்போது ஜெயிக்கிறது? பிரமாதம் என்று நான் சொன்னபோது அது நித்யாவுடையதாக மட்டும்தான் இருந்தது. தப்பு என்று கேப்டன் திருத்தினாரே... அப்போதுதான் கிளப்புடையதும் ஆனது.

வியாழக்கிழமை போஸ்டர் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டது. நிற்கிறவர்கள் எல்லாம் உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறார்கள். அந்த வேடிக்கையில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, கடைக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கிய ஒரே ஆள்... நித்யாதான்!