வழியை மறித்த கல்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த காலை. பாராயணம் முடிந்து நான் எழுவதற்குள் வாசலில் மெக்கானிக் மஸ்தானின் குரல் கேட்டது. "சாமி, குளத்தாண்ட வாங்க. பாவா வுழுந்துட்டாரு." எனக்கு முதலில் நினைவில் வந்தது அவர் முகமன்று, ஒரு கல்.

நீங்கள் அனைவரும் பாவா என்றழைத்தவர் என் தமக்கையின் கணவர். மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓர் உணவகத்தில் சமைத்தார். விடுமுறைதோறும் அங்கிருந்த பழைய குளத்தோட்டம் ஒன்றில் போய் அமர்ந்திருப்பாராம். தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் தோட்டம் அது. எங்கு நின்றாலும் குளம் முழுவதும் கண்ணில் படாது. திரும்பி வந்ததும் கே.ஜி.கண்டிகையில் தம் பூந்தோட்டத்தில் அதைப்போலவே ஒன்றை அமைத்தார். வளைந்த கரையையும் ஆமை வடிவத் தீவையும் அடிக்கொரு மிதிகல்லையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்நாட்டு வழக்கம் ஒன்றும் அவருடன் வந்தது. போகக் கூடாத பாதையில் அவர்கள் பலகை நடுவதில்லை. சிறு கல்லொன்றைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி மிதிகல்லின்மேல் வைத்துவிடுவார்கள். கண்டவர் திரும்பிவிட வேண்டும். நம்மவர் திரும்பவில்லை. பூப்பறிக்க வந்த பெண்கள் அதற்கு மஞ்சள் பூசினர். நான் குங்குமம் இட்டேன். பாவா சிரித்தார். "கட்டிப் போட்ட கல்லைக்கூட விடமாட்டியா மச்சான்? அசந்தா எனக்கே பொட்டு வெச்சுடுவ நீ." பிறகு சிரிப்படங்கிச் சொன்னார்: "அது சாமி இல்ல. இங்க வராதன்னு சொல்லுது, அவ்ளோதான்."

இந்த மழையில் வடகரை உள்ளிருந்து கரையத் தொடங்கியது. மீன்கள் அப்பக்கம் வருவதை நிறுத்தின. மற்ற இடங்களில் நீர் தெளிந்த பிறகும் அங்கே மட்டும் கலங்கல் மேலெழுந்துகொண்டே இருந்தது. பாவா அந்த வழியில் கல்லை வைத்துவிட்டு, மகளைப் பார்க்க ஆர்.கே.பேட்டைக்குப் போனார். "கரையைக் கட்டி முடிச்சதும் நீயே கல்லை எடுத்துடு" என்று, தோட்டத்து மோட்டாரோடு கரை வேலையையும் பார்த்த மஸ்தானிடம் சொல்லிச் சென்றது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

அவர் திரும்புவதற்கு முந்தைய மாலை, பூவுக்குப் போன நான் அந்தக் கல் மிதிகல்லின்மேல் ஏறிய சேற்றில் பாதி புதைந்திருக்கக் கண்டேன். குங்குமம் ஏற்ற கல் அவ்வாறு கிடப்பதை என் மனம் பொறுக்கவில்லை. கழுவி, வேம்படி மேடையில் இருத்தி, செம்பருத்தி சாத்தினேன். அபசாரம் நீங்கியது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தவர் நேரே குளத்துக்குப் போயிருக்கிறார். மிதிகல்லின்மேல் கல் இல்லை. மோட்டாரடியில் நின்ற மஸ்தானிடம், "பரவால்லியே, வேலைய முடிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே காலை வைத்தாராம். "வராதீங்க பாவா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கரை அவரோடு இறங்கிவிட்டது.

அவர் உடலைக் கிடத்தியபோது நெற்றியில் நீறு பூசியவன் நான்தான். மஸ்தானிடம் யாவும் சொன்னேன். "வராதன்னுதான் அந்தக் கல்லு சொல்லுதுன்னு அவரு சொன்னது தெரிஞ்சுமா எடுத்தீங்க சாமி?" என்றான். தெரிந்துதான் எடுத்தேன்.

பாவாவினுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கல் ஒன்றே. குங்குமத்தைக் கழுவிவிட்டேன்; கயிற்றை அவிழ்க்கவில்லை. என் பூசையறை வாயிற்படியில் அதை வைத்திருக்கிறேன். அன்று முதல் வெளியே நின்றே பாராயணம் செய்கிறேன்.