குளோரினைத் தின்ற டீ கலர் தண்ணீர்

1. மூன்றாவது நாளும் பூஜ்யம்

செவிலிமேட்டின் கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் டிபிடி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன். மீதக் குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வர வேண்டும். வரவில்லை. தொடர்ந்து மூன்றாவது நாள். நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம்.

உதவிப் பொறியாளர் போனில் சத்தம் போட்டார்.

"குளோரின் கேஸ் போதலன்னா டோஸை ரெண்டு மடங்கா ஏத்தும்மா! நாளைக்குக் காலைலயும் இப்படியே இருந்தா செவிலிமேடு சப்ளையை மூடிடுவேன். ஊரே காலிக் குடத்தோட வந்து நிக்கும். யார் பதில் சொல்றது?"

"ஏத்த வேணாம் சார். இன்னைக்கு ஒரு நாள் குடுங்க. நானே பதில் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

2. தெரிந்தவை நான்கு, தெரியாதது ஒன்று

பதற்றம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். போட்டேன்.

அ. மழைக்குப் பிறகு ஏரித் தண்ணீரில் சேறு இல்லை. ஆனால் டீ நிறம்.
ஆ. காரணம், அழுகிய இலை தழையிலிருந்து கரைந்து வந்த கரிமப் பொருட்கள்.
இ. கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை இவை முந்திக்கொண்டு தின்றுவிடும்.
ஈ. குளோரினை இன்னும் கொட்டினால், இவற்றோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் மாதிரியான வேண்டாத பொருட்கள் கூடும்.
உ. தினமும் ஆலம், அதாவது படிகாரம், போட்டும் நிறம் ஏன் போகவில்லை? தெரியாது.

தெரியாததை எடுத்துக்கொண்டு ஆலம் தொட்டிக்குப் போனேன். ஆபரேட்டர் செல்வி அக்கா முதலில் சுண்ணாம்பு வால்வைத் திறந்தார். பிறகுதான் ஆலம்.

"ஏன்க்கா சுண்ணாம்பு முதல்ல?"

"ஆலம் போட்டா தண்ணி புளிச்சிக்கும்மா. அதான் முன்னாடியே. நான் வந்த நாள்லேருந்து இப்படித்தான் போட்டுக்கினு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றைப் பிடிக்க அந்த வரிசை பரவாயில்லை. கரைந்திருக்கும் கரிமப் பொருளை ஆலம் பிடிக்க வேண்டுமானால் தண்ணீர் சற்றுப் புளிப்புப் பக்கம் இருக்க வேண்டும். நாங்களோ சுண்ணாம்பால் புளிப்பை எடுத்து, ஆலம் வருவதற்கு முன்பே அதன் கையைக் கட்டி வைத்திருந்தோம்.

3. ஆறு பீக்கர், ஒரு பட்டுச் சிட்டம்

ஜார் டெஸ்ட் வைத்தேன். முதல் மூன்று பீக்கரில் சுண்ணாம்பு, பிறகு ஏறுவரிசையில் மூன்று அளவு ஆலம். அடுத்த மூன்றில் அதே மூன்று அளவுகளில் ஆலம் மட்டும். கலக்கி, தெளியவிட்டு, நிறம் அளக்கப் போனால் கலர் கம்பேரேட்டரின் கண்ணாடி உடைந்து கிடந்தது.

"இதுக்கெல்லாம் மிஷினு வேணுமா?" என்றார் செல்வி அக்கா. அவர் கணவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுபவர். சாப்பாட்டுப் பையிலிருந்து வெள்ளைப் பட்டு நூல் சிட்டம் ஒன்றை எடுத்து, பீக்கர்களுக்குப் பின்னால் பிடித்தார்.

"ஒண்ணு, ஸ்ட்ராங் டீ. ரெண்டு, மூணு, ஆபீஸ் டீ. நாலு, சந்தனம். அஞ்சு... ஐயோ பாப்பா, அஞ்சு வெள்ளைம்மா! நூல் நூலாவே தெரியுது!"

இரண்டுக்கும் ஐந்துக்கும் ஒரே அளவு ஆலம்தான். அந்த இரு பீக்கரிலும் ஒரே அளவு குளோரின் விட்டேன். அரை மணி நேரம் கழித்து மாத்திரை. இரண்டாவது அப்படியே இருந்தது. ஐந்தாவது ரோஸ்! நானும் அக்காவும் கை கோத்து லேப் முழுக்க ஒரு சுற்று சுற்றினோம். உதவிப் பொறியாளரிடம் கேட்டு வரிசையை மாற்றினோம். முதலில் ஆலம், வடிகட்டிய பிறகு குளோரின், புளிப்பைச் சரிக்கட்டத் தெளிந்த சுண்ணாம்பு நீர் கடைசியில்.

4. மறுநாள் காலை

செவிலிமேட்டில் அதே குழாய். எனக்கு முன்னால் குடம் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தண்ணீரையே சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, இன்னைக்கு ரொம்ப வெளுத்து இருக்குது? தண்ணி கலந்துட்டீங்களா?"

"தண்ணியிலயாம்மா?"

"அதானே!" என்று அவரே சிரித்துவிட்டார். என் குப்பியில் ரோஸ் ஏறியது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், போதுமான அளவு. நடுத்தெருவில் குதித்தேன். உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டேன்.

"கேஸ் எவ்ளோ ஏத்தின?"

"ஒண்ணும் ஏத்தல சார். பழைய டோஸ்தான்."

"சரி, மூடல. ஆபீஸுக்கு வா, டீ சொல்றேன்."

"டீ வேணாம் சார், காப்பி!"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றது இதுதான். மீதக் குளோரின் வரவில்லை என்றால் உடனே குளோரின் வால்வைத் தொடாதீர்கள். அதை எது தின்கிறது என்று முதலில் கேளுங்கள். தின்பதை வெளியே அனுப்புங்கள், பிறகு குளோரினைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: குதிக்க வேண்டியிருந்தால் சாம்பிள் பாட்டிலை மூடிவிட்டுக் குதியுங்கள். நான் மூடவில்லை. திரும்ப வரிசையில் நின்று பிடித்தேன்.