சாப்பிட்டுப் போன பூனை

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாடத்தில் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டிப் பூனையின் கதையை வருஷா வருஷம் சொல்லிவிடுவேன். மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை, கூடவே எப்போது கசியும் என்று யாருக்கும் தெரியாத விஷம். திறந்து பார்க்கும்வரை பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் கிடக்கிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இதை யோசித்த விஞ்ஞானி பூனை வளர்த்திருக்க மாட்டார். எங்கள் வீட்டுப் பூனையைப் பெட்டியில் போட்டிருந்தால் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருக்கும்.

அது என் தம்பியின் பூனை. அவன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன பிறகும், போன் செய்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பான். ஒருநாள் அது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வீட்டுச் சாவை உடனே சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அந்தச் சலுகையைப் பூனைக்கும் கொடுத்தாள்.

"இப்பத்தாண்டா சாப்பிட்டுட்டு அங்கிட்டுப் போச்சு" என்பாள் போனில்.

எனக்குச் சிரிப்பு தாங்காது. "இங்க செத்த பூனை குவைத்துல உசுரோட இருக்கும்மா" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். தனியாக் கெடக்குற புள்ள" என்றாள்.

போன ஜூலையில் அங்கே ஒரு விபத்தில் தம்பி போய்விட்டான். அவனோடு தங்கியிருந்தவர் எனக்குத்தான் போன் செய்தார். உடல் வந்து சேரும்வரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மாமாக்கள் முடிவு செய்தார்கள். அதுவும் வழக்கம்தான். லேசான அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், போன் உடைந்துவிட்டது என்று சொல்லிவைத்தோம். தினமும் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அம்மா கேட்பாள்.

"சாப்பிட்டானாமா?"

"சாப்பிட்டானாம்மா."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போவேன். இந்த வருஷம் பூனைக் கதையைச் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. சீல் வைத்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா மயங்கி விழுவாள் என்று நான் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பிட்டான்னு நீ மொதத் தடவ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுடி" என்றாள். "பூனைக்கு நானும் அதத்தான சொன்னேன்."

"பின்ன ஏம்மா தெனமும் கேட்ட?"

"கேட்டா, சாப்பிட்டான்னு சொல்லுவியே."