மோட்டாருக்கு மாலை போட்ட புண்ணியவான்கள்

இன்று பெங்களூர் தொம்மலூரில் பெய்தது மழை இல்லை, அல்சூர் ஏரியைத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி. எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் முழங்கால் தண்ணீர். என் ஸ்கூட்டர் பாதி முழுகிவிட்டது.

தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டார் உறுமுகிறதே தவிர சொட்டு ஏறவில்லை.

செக்ரட்டரி சுஜாதா மேடம் படியிலேயே நின்றுகொண்டு, "மெக்கானிக் சாயங்காலம்தான் வருவாராம் அங்கிள்" என்றார்.

"மெக்கானிக் எதுக்கும்மா? நான் தொட்டு ஓடாத மோட்டார் கர்நாடகாவுலயே கிடையாது. மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று இறங்கினேன்.

மோட்டார் குழிக்குள் தோள்வரை கையை விட்டேன். கொழகொழவென்று வந்தது, போன வாரம் ஆயுத பூஜைக்குக் கார்களின் முன்னால் உடைத்த பூசணிக்காய். ஒரு லாரி லோடு இருக்கும். அள்ளிப் போட சோம்பல்பட்டு, அப்படியே குழிக்குள் பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். அழுகி நாறிப்போயிருந்தது.

அதற்கும் அடியில், மோட்டார் வாயைச் சுற்றி ஒரு சாமந்தி மாலை.

"மோட்டாருக்கு யாரும்மா மாலை போட்டது?"

"நாங்கதான். அதுவும் மெஷின்தானே, பூஜை பண்ணுங்கன்னு நீங்கதானே அங்கிள் குரூப்ல போட்டீங்க?"

"பூஜை பண்ணச் சொன்னேன். தூக்கு மாட்டச் சொன்னேனா?"

மாலையை உருவி, மெயினைப் போடச் சொன்னதும் மோட்டார் ஓடியது. ஸ்கூட்டர் ஓடவில்லை. நாலு தடவை சோப்புப் போட்டும் கை நாறுகிறது. மத்தியானம் ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டேன்.

பூசணிக்காய் உடைத்தவரே அதை அள்ளிப் போட்டதை உங்கள் அபார்ட்மெண்டில் யாராவது பார்த்ததுண்டா? இருந்தால் சொல்லுங்கள், இந்த மாலையை அவருக்குப் போடுகிறேன்.