ஆவணிக்குக் காத்திருந்த டயர்கள்

புது டயரைச் சுற்றி அந்தக் காலத்தில் ஒரு காகிதம் வரும். பழுப்பு நிறம், இரண்டு விரல் அகலம், நாடா மாதிரி நீளம். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல டயர் முழுக்கச் சுற்றிச் சுற்றி அனுப்புவார்கள். கல்கத்தாவில், பவானிப்பூரில் அக்காவும் அத்திம்பேரும் குடியிருந்த வீட்டுக் கூடத்தில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், அப்படிக் காகிதம் சுற்றிய நான்கு டயர்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அந்த நாட்களில் என் மனத்தில் என்ன ஓடிற்று என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டயர்கள் எப்படி நின்றன என்று கேட்டால் இப்போதும் படம் போட்டுக் காட்டுவேன்.

அத்திம்பேருக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். நான் கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் புதிதாகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அத்திம்பேர் மோட்டார் வண்டி வாங்கியபோது, கல்கத்தாவிலிருந்த நம்மவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் என்றால் அப்போது ஒரு பந்தியில் உட்கார்ந்துவிடக் கூடிய கூட்டம்தான். மோட்டார் வந்தும் மனிதர் மாறவில்லை. பஞ்சாங்கத்தைக் கேட்காமல் அவர் க்ஷவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது; ஆபீசோ மேற்கே இருந்தது. அதனால் வெள்ளிதோறும் வண்டி முதலில் வடக்கே கொஞ்ச தூரம் போய், போகிற இடத்தைச் சூலத்துக்குக் காட்டிக்கொடுக்காமல், பிறகு நைசாகத் திரும்பும். டிரைவர் வங்காளி. ஆரம்பத்தில் அவன் வழி தெரியாத எஜமான் என்று நினைத்திருக்கிறான். அப்புறம் பழகிவிட்டது.

டயர் அந்த நாளில் சீக்கிரம் தேய்ந்துபோகிற பண்டம். கல் பாவிய தெரு, டிராம் தண்டவாளம், குதிரை லாடத்திலிருந்து விழுந்த ஆணி எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். வைகாசி முடிகிறபோதே நான்கு டயர்களும் மேலே வரி எதுவும் இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டன. மாற்றியாக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் தகராறு. சீமையிலிருந்து கப்பலில் வரும் உயர்ந்த டயர் ஒன்று. தர்மதலாவில், தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி விற்கும் மட்டமான டயர் ஒன்று. அத்திம்பேர் இரண்டாவது கட்சி.

"செருப்புக்கு அடி தைச்சுப் போட்டுக்கறோமோல்லியோ, அது மாதிரிதான். ஒட்டுப்போட்டது புதுசுங்கிற கணக்கிலேயே வராது. அதுக்கு நாள்கூடப் பாக்க வேண்டாம்."

அக்கா விடவில்லை. "செருப்பு அறுந்தா கையில எடுத்துண்டு நடந்து வரலாம். இது அறுந்தா என்னத்தைக் கையில எடுத்துக்கறது?"

அவளுக்கு மழையில் பயம். அதற்கு முந்தைய வருஷம் ஹாஜ்ராப் பக்கம் ஈரத் தண்டவாளத்தில் வண்டி ஒரு தடவை பம்பரமாகத் திரும்பி நின்றிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் அவர் ஆபீசிலிருந்து வந்து சேருகிற வரையில் அக்கா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். ஒட்டின ரப்பர் வெயிலில் பிய்ந்து வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் மஞ்சள் குங்குமம் அந்த நாலு டயர் மேலதான் போயிட்டு வரது. அதை ஒட்டுப்போட்டதுல ஏத்தாதீங்கோ." அவர் மோர் விட்டுக்கொண்டார். மறுநாள் சீமை டயருக்குச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா கேட்டு அவர் மறுத்த விஷயங்கள் குறைவு. வாய்விட்டு ஒப்புக்கொண்டவை அதைவிடக் குறைவு.

ஆனியில் சொன்னது. கப்பல் தாமதமாகி, டயர் வீடு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. கூலிக்காரன் இறக்கி வைத்துவிட்டுப் போனதும் அத்திம்பேர் சுற்றி வந்து பார்த்தார். காகிதத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்தார். மறுபடி அதே மடிப்பில் அழுத்திவிட்டார்.

"ஆடியாப் போயிடுத்தே" என்றார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி போட்டுக்கலாம்" என்றாள் அக்கா. "இத்தனை நாள் பொறுத்தாச்சு. நல்ல பொருளை நல்ல நாள்ல போடணும்."

டயர் விஷயத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரே தடவைதான். டிரைவர்தான் வாசல்படியில் நின்றபடி தலையைச் சொறிந்தான். அவன் வங்காள மொழியில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்: "மா, இப்ப ஸ்ராபண் மாசம். எங்களுக்கு நல்ல மாசம், கல்யாணமே பண்ணுவோம். அடுத்து வர பாத்ரோதான் ஆகாது. இன்னிக்கே மாட்டிடட்டுமா?" அக்கா சிரித்துவிட்டாள். "அவா மாசம் அவாளுக்கு, நம்ம மாசம் நமக்கு" என்று அத்திம்பேர் தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு பேருக்கும் மழை மட்டும் ஒன்றாகத்தான் பெய்தது. அந்த வருஷம் அது நிற்கவேயில்லை. துணி காயாமல் வீடெல்லாம் நாறியது. டயர்கள் கூடத்தில் நனையாமல் இருந்தன.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. பிற்பாடு துக்கம் கேட்க வந்தவர்கள் சூலத்தைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். வியாழன் மேற்கே போக ஒரு தடையும் இல்லாத நாள். ராகு காலமும் இல்லை. ஆபீஸ் பியூன் வந்து என் தோளைத் தொட்டான். நான் டிராமில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரைவர் தாழ்வாரத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், "மாமாபாபு, பிரேக் பிடிச்சேன். சக்கரம் நின்னுடுத்து. வண்டி நிக்கல்லை" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தண்டவாளத்தில் வழுக்கிய வண்டி விளக்குக் கம்பத்தில் மோதியிருந்தது. திறந்த வண்டி, பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெளியே வீசப்பட்டிருந்தார். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்கள். நெற்றியில் விபூதி கலையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. அவருடைய குடையை என்னிடம் கொடுத்தார்கள். அது ஒரு கம்பிகூட வளையாமல் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு எனக்கு முன்பே செய்தி போய்விட்டது. நான் போனபோது கூடத்தில் டயர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "வழுக்கித்தா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்" என்றேன். தலையை ஆட்டினாள். காளிகாட் மயானத்துக்குப் போய்வந்தது, வந்தவர்களுக்கெல்லாம் காபி போனது, யாரோ எனக்குச் சாதம் போட்டது எல்லாம் அடுத்த வீட்டில் நடந்தவை மாதிரி இருந்தன. வந்தவர்கள் ஈரக் குடைகளை டயர்களின் மேல் சாய்த்து வைத்தார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு மாமா, இடம் இல்லாமல், அவற்றில் ஒன்றைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். டயர்களை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போனார்கள். வண்டியைப் போலீசார் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஒரு விளக்கு உடைந்து, மட்கார்டு நெளிந்து, பின்கட்டில் அது நின்றது. பெரிய சேதம் இல்லை. அதிலிருந்து விழுந்து ஒருவர் போய்விட்டார் என்றால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில், தூறலில், டிரைவர் வந்து நின்றான். கையில் ஜாக்கியும் நெம்புகம்பியும் இருந்தன. வரச்சொல்லியிருந்த நாள் அது. வரவேண்டாம் என்று அவனிடம் சொல்ல நாங்கள் மறந்துபோயிருந்தோம். அவனுக்கும் வேறு எப்படி அந்த வீட்டுக்கு வருவது என்று தெரிந்திருக்காது. நான் அவனைத் திருப்பி அனுப்ப வாயெடுத்தேன். உள்ளிருந்து அக்கா வந்தாள். வெறும் நெற்றி எனக்கு இன்னும் பழகியிருக்கவில்லை.

"மாட்டச் சொல்லு" என்றாள்.

"இனிமே எதுக்கு அக்கா?"

"நாள் நன்னாத்தானே இருக்கு" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. காய் என்ன வாங்குவது என்று சொல்கிற குரல். அவன் ஒவ்வொரு டயராகப் பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போனான். காகிதத்தை அவிழ்த்தான். அவனுக்கு அது ஆகாத மாதத்தின் முதல் நாள். கட்டுப்போட்ட கையோடு நெம்பி, பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றி, காற்றடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா படியில் உட்கார்ந்து, அவிழ்ந்து விழுந்த காகித நாடாவையெல்லாம் எடுத்து, ஈரம் பட்ட இடத்தைப் புடவைத் தலைப்பில் ஒற்றி, கையில் நூல்போலச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் வண்டியை விற்றோம். வாங்கினவர் டயரைத் தட்டிப் பார்த்து, "ஒரு மைல்கூட ஓடவில்லையே" என்று சந்தோஷப்பட்டார்.

அக்கா இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. என்னிடம் ஒரு சின்ன வண்டி இருக்கிறது. போன வாரம் மழை பிடித்துக்கொண்டதும் டயர் மாற்றப் போனேன். கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார், மட்டமானதா, நல்லதா என்று. நல்லது கிடங்கிலிருந்து வரத் திங்கட்கிழமை ஆகும் என்றார். மட்டமானது கையிலேயே இருந்தது. "இதையே மாட்டுங்கள், இப்போதே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த டயர் காகிதம்கூடச் சுற்றாமல் வந்திருந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, டயரை விரலால் தடவினாள்.

"காகிதம் எங்கேடா?"

"இதுக்குக் காகிதம் கிடையாது அக்கா. மட்டம்தான்."

"மாட்டியாச்சோல்லியோ" என்றாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.